அப்ப சிரிச்சியேம்மா

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நாத்தனார் மகனோடு அப்பா அம்மா விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பெரியவர்கள் எல்லோரும் வீட்டில் இருந்தோம். யார் என்னவாக இருப்பது என்று இருவருக்கும் தகராறு. "நாந்தான் அப்பா" என்றாள் இவள். பையன் ஒப்புக்கொள்ளவில்லை. அவன்தானே அப்பாவாக இருக்க முடியும்? இவள் விடவில்லை. சொப்புச் சாமான்களை அவன் பக்கம் தள்ளிவிட்டுப் பாயை விரித்துக் காலை நீட்டிப் படுத்தாள். ஒரு சீப்பை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் மேலே மேலே தள்ளினாள். கொஞ்ச நேரம் கழித்து, சீப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு கேட்டாள்: "டீ வந்துச்சா?"

வீடே சிரித்தது. என் கணவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மாமியார் ஓடிவந்து அவளை அள்ளி எடுத்து நெட்டி முறித்தார். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது நான்தான்.

அந்தச் சம்பவம் எங்கள் உறவுக்குள் ஊர் ஊராகப் போனது. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று எங்கே நாலு பேர் கூடினாலும் "அந்த டீ கதையச் சொல்லு" என்பார்கள். சொல்வது பெரும்பாலும் என் கணவர்தான். தன்னைத் தானே கேலி செய்துகொள்ளத் தெரிந்த மனிதர் என்ற நல்ல பெயரும் அதில் அவருக்குக் கிடைத்தது. அடுத்து வந்த ஐந்து வருடங்களில் எங்கள் வீட்டில் டீ போடுகிற ஆள் மட்டும் மாறவில்லை.

போன வருடம் திண்டிவனத்தில் என் தம்பி பிள்ளைக்குக் காதுகுத்து. மகளுக்கு ஒன்பது வயது. சாப்பாடு முடிந்து ஆண்கள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நாங்கள் பெண்கள் பாத்திரம் ஒழித்து, மிச்சம் மீதியைத் தூக்குகளில் போட்டுக்கொண்டிருந்தோம். என் கணவர் உள்பக்கம் திரும்பி, "டீ வந்துச்சா?" என்றார். கதவருகே நின்றிருந்த மகள், குரலை உயர்த்தாமல் சாதாரணமாகச் சொன்னாள்: "உக்காந்துகிட்டே கேட்டா எப்படிப்பா வரும்? எழுந்து போய் எடுத்தாதான் வரும்."

யாரும் சிரிக்கவில்லை. என் பெரியப்பா, "பொம்பளப் புள்ளைக்கு இம்மாம் வாய் ஆவாது" என்றார். அவளிடம் அல்ல, என்னைப் பார்த்துச் சொன்னார். கணவரின் முகம் சுருங்கிப்போனது. நான் வேகமாகப் போய் அவள் தொடையில் கிள்ளி உள்ளே இழுத்து வந்தேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் அவள் என் பக்கத்தில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கூட்டேரிப்பட்டு தாண்டும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது, வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்: "நாலு வயசுல இதையேதான சொன்னேன். அப்ப சிரிச்சியேம்மா. இப்ப ஏன் கிள்ளுன?"

"வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றேன். பேசவில்லை. என்னிடம் பதில் இல்லை.

குழந்தை சொல்வதைக் கேட்டு நாம் ஏன் சிரிக்கிறோம்? அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்பதால்தான் என்று நினைத்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் பல நேரங்களில் அது உண்மையில்லை. மூன்றரை வயதில் இவள் எண்ண ஆரம்பித்திருந்தாள். ஏழுக்கு எழுபது, எட்டுக்கு எண்பது என்று சொல்லிக்கொண்டே வந்தவள், ஒன்பதுக்கு "ஒம்பதுபது" என்றாள். விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் தப்பு எங்கே இருக்கிறது? அவள் கண்டுபிடித்த விதி சரியான விதி. ஒன்பதுக்கு மட்டும் தொண்ணூறு என்று வழி மாறிப்போனது மொழிதான். நாம் வளர்ந்த பிறகு அந்தக் கோணல் நமக்குக் கோணலாகத் தெரிவதில்லை. ஒரு குழந்தை விதியை நேராகப் பிடித்துக்கொண்டு வந்து அதில் முட்டிக்கொள்ளும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது.

டீ கதையும் அப்படிப்பட்டதுதான். தாகம் எடுத்தவர் தண்ணீர் எடுத்துக் குடிக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள். தன் தட்டைத் தானே எடுத்து வைக்க வேண்டும் என்று சொன்னவர்களும் நாங்கள். அவள் அந்த விதியோடு வந்து வீட்டைப் பார்த்தாள். அங்கே ஒருவருக்கு மட்டும் அது பொருந்தவில்லை. பார்த்ததை அப்படியே நடித்துக் காட்டினாள். கிண்டல் செய்வதாக அவள் நினைத்திருக்கவே மாட்டாள்.

அப்படியானால் நாங்கள் சிரித்தது அவளுடைய அறியாமையைப் பார்த்து அல்ல. அவள் சொன்னது உண்மை என்பது அந்தக் கூடத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அவ்வளவு பெரிய சிரிப்பு. ஆனால் சிரித்த பிறகு அது வெறும் 'குழந்தைப் பேச்சு' ஆகிவிடுகிறது. குழந்தைப் பேச்சுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அள்ளி முத்தம் கொடுத்தால் போதும். உண்மையைக் கேட்டும் கேட்காத மாதிரி இருக்க அந்தச் சிரிப்பைவிட நல்ல வழி கிடையாது. அதில் அன்பும் இருக்கிறது என்பதால் அதைச் சந்தேகப்படவும் நமக்குத் தோன்றுவதில்லை.

எங்கள் பக்கம் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புரியும். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடியப் பாரதக் கூத்து நடக்கும். அதில் கட்டியங்காரன் என்று ஒரு பாத்திரம் உண்டு. ராஜா வருகிறார் என்று கட்டியம் கூறுவதும் அவன்தான், வந்த ராஜாவைக் கிண்டல் செய்வதும் அவன்தான். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரிய மனிதர்களையும் அவன் விடமாட்டான். யாருக்கும் கோபம் வராது. அவன் கோமாளி, சொல்லலாம். விடிந்து வேஷத்தைக் கலைத்த பிறகு, அதே ஆள் அதே பேச்சை அதே பெரிய மனிதர் வீட்டு வாசலில் நின்று பேச முடியாது.

பெண் குழந்தைகளுக்கும் நாம் அப்படி ஒரு வேஷம் கொடுத்து வைத்திருக்கிறோம். ஏழு எட்டு வயதுக்குள் அதைக் கலைத்துவிட வேண்டும். கலைக்கச் சொல்லி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நேற்றுவரை 'என்னா பேச்சுப் பேசுது பாரு' என்று கொஞ்சியவர்கள், இன்று 'என்னா பேச்சுப் பேசுது பாரு' என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். வார்த்தை ஒன்றுதான். பையன்களுக்கும் இந்த வயது வரத்தான் செய்கிறது, அவர்களும் அடி வாங்குகிறார்கள். ஆனால் நாத்தனார் மகன் எதிர்த்துப் பேசினால் 'வக்கீலா வருவான்' என்கிறார்கள். இவள் பேசினால் 'போற எடத்துல என்ன பாடுபடப்போறாளோ' என்கிறார்கள். வாயாடி என்ற சொல்லை ஒரு பையனுக்குச் சொல்லி நான் கேட்டது மிக அரிது.

பிள்ளைத்தமிழ் இலக்கியத்தைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்திருப்போம். பத்துப் பருவங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்ற ஏழும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. தவழ்வதும், கை கொட்டுவதும், நிலாவைக் கூப்பிடுவதும் யார் செய்தாலும் அழகு. எட்டாவது பருவத்தில் வழி பிரிகிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பால் பிள்ளைத்தமிழில் அம்மானை, நீராடல், ஊசல். சிற்றில் என்றால் என்ன? சிறுமிகள் மணலில் வீடு கட்டி விளையாடுகிறார்கள். பையன் வந்து காலால் சிதைக்கிறான். சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுவதுதான் பாட்டு. அவனுடைய குறும்பு அழகு, அவர்களுடைய கெஞ்சலும் அழகு. இடிந்த மண் வீட்டை மறுபடி யார் கட்டினார்கள் என்று அந்தப் பருவத்தில் பாடல் இல்லை.

என்னை யோசிக்க வைப்பது இன்னொன்று. குழந்தையைப் பார்த்து மகிழ்வதைப் பற்றி நம் பழைய இலக்கியத்தில் நிறைய இருக்கிறது. யார் மகிழ்கிறார்கள் என்று பாருங்கள். புறநானூற்றில் பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய பாட்டு ஒன்று உண்டு. குழந்தை குறுகுறு என்று நடந்து வந்து, நெய்ச்சோற்றில் கையை விட்டுத் துழாவி, வாயில் கவ்வி, உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும். அப்படி ஒரு குழந்தை இல்லாதவர்க்கு எவ்வளவு செல்வம் இருந்தும் வாழ்நாள் வீண் என்கிறான் அரசன். படித்தால் கண் முன்னே அந்தக் குழந்தை வந்து நிற்கும், அவ்வளவு நல்ல பாட்டு. என் மகளை மடியில் போட்டுக்கொண்டு நானும் அதை நினைத்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு கேள்வி வரும். அந்த நெய்யைத் துடைத்தது யார்? உடம்பெல்லாம் சோறு அப்பிய குழந்தையைத் தூக்கிப்போய்க் கழுவி, அழ அழத் தலை துவட்டி, தரையைத் துடைத்த கை யாருடையது? பார்க்கிறவருக்குத்தான் அது காட்சி. துடைக்கிறவருக்கு அது அடுத்த வேலை.

ஔவையார் அதியமானைப் பார்த்துப் பாடியதிலும் இப்படித்தான். மழலைப் பேச்சு யாழோசை போல இனிமையில்லை, காலத்தோடு பொருந்தவில்லை, பொருளும் விளங்கவில்லை, ஆனாலும் அதைக் கேட்டு அருள் சுரக்கிறது என்கிறார். யாருக்கு? தந்தையருக்கு. என் பேச்சை நீ அப்படி ஏற்றுக்கொண்டாய் என்று ஒரு அரசனிடம் சொல்லும் இடம் அது, அதனால் தந்தை வருகிறார். சொல்வது ஒரு பெண் என்பதையும், தன் பேச்சைக் குழந்தையின் மழலைக்கு ஒப்பாக வைத்துத்தான் அவர் அரசனிடம் பேசுகிறார் என்பதையும் நான் சேர்த்துப் பார்க்கிறேன்.

திருக்குறளில் மக்கட்பேறு அதிகாரத்தில் தாய் வருகிறாள். தன் மகனைச் சான்றோன் என்று கேள்விப்படும்போது பெற்ற பொழுதைவிட அதிகமாக மகிழ்கிறாள். தானே பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் ஏன் கேள்விப்படுகிறாள் என்பதற்குப் பரிமேலழகர் உரையில் காரணம் இருக்கிறது. பெண் தன் இயல்பால் தானாக அறியமாட்டாளாம். எனக்கு வேறு காரணம் தோன்றுகிறது. அவள் வேலையாக இருந்திருப்பாள்.

என் அம்மா அப்படித்தான் இருந்தார். திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் தோல் உரிக்கும் கூலி வேலை. காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். நகக்கண்ணில் எப்போதும் செம்மண் இருக்கும். என் மகளின் டீ கதையை அம்மா ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு நாள், "நான் சின்ன வயசுல என்ன பேசுவேம்மா?" என்று கேட்டேன். அம்மா யோசித்தார். நீண்ட நேரம் யோசித்தார். "நீ என்ன பேசுனன்னு எனக்கு எங்க தெரியும்? ஆயாவுக்குத்தான் தெரியும்" என்றார். ஆயா செத்து இருபது வருடம் ஆகிறது. நான் சொன்ன வேடிக்கையான பேச்சு ஒன்றுகூட இப்போது யாரிடமும் இல்லை. அம்மாவுக்கு என்மேல் அன்பு இல்லாததால் அல்ல. அன்புக்கு நேரம் இருந்தது, ரசிக்க நேரம் இல்லை.

திண்டிவனத்தின் ஒரு பகுதி கிடங்கல். சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடனின் ஊராக வரும் கிடங்கில் இதுதான். அந்தப் பாட்டில் பரிசில் பெறுவதற்கு முந்தைய பாணன் வீட்டு அடுக்களை வருகிறது. குட்டி போட்ட நாய்க்குப் பால் சுரக்கவில்லை. பசியில் இளைத்த வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பில்லாமல் வேகவைத்து, அக்கம்பக்கத்தார் பார்த்துவிடாதபடி கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். அதே பாட்டில், பாண்டிய நாட்டைச் சொல்லும் இடத்தில், உப்பு வணிகர்களின் வண்டியோடு வந்த ஒரு மந்தி, கிளிஞ்சலுக்குள் முத்தைப் போட்டு அந்த வீட்டுக் குழந்தைகளோடு கிலுகிலுப்பை ஆடுகிறது. முதல்முறை படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம்தான் தோன்றியது, ஊர் ஊராக உப்பு விற்கப் போகிற பெண்ணின் பிள்ளைக்கு விளையாட்டுத் துணை ஒரு குரங்கு.

என் கதை அம்மாவின் கதையைவிடக் கொஞ்சம் மேல். எனக்குக் கூரை இருக்கிறது, மாதச் சம்பளம் இருக்கிறது. திண்டிவனத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். விழுப்புரத்திலிருந்து போய்வர ஒரு வழிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். மகள் பிறந்தது 2015இல். அப்போது சட்டப்படி மகப்பேறு விடுப்பு 12 வாரம்தான், 26 வாரம் என்று ஆனது 2017இல். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்பதும் அந்தத் திருத்தத்தில்தான் வந்தது. எங்கள் அலுவலகத்தில் பதினேழு பேர். அதனால் என் மகளின் முதல் சொல்லை நான் கேட்கவில்லை. ஒரு சாயங்காலம் மாமியார் போனில் சொன்னார், "உம் பொண்ணு இன்னைக்குப் 'பூ'ன்னு சொல்லுச்சு." பேருந்தில் நின்றுகொண்டே அந்தப் 'பூ'வைக் கேட்டேன். பிறகு வந்த பேச்சுகளும் பெரும்பாலும் அப்படித்தான், மறுஒலிபரப்பு.

வீட்டில் இருக்கும் நேரத்தில் மட்டும் என்ன? 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஆறு வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் 81.2 சதவீதம் பேர் ஒரு நாளில் ஊதியமில்லாத வீட்டுவேலை செய்கிறார்கள், ஆண்களில் 26.1 சதவீதம் பேர். செய்கிறவர்கள் என்று எடுத்துக்கொண்டாலும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 299 நிமிடம், ஆணுக்கு 97 நிமிடம். குழந்தை, முதியவர் பராமரிப்பில் 134, 76. நிமிடக் கணக்கு இது. அந்த நிமிடம் எப்படிப்பட்டது என்று கணக்கெடுப்பு சொல்லாது. எங்கள் வீட்டில் இரவு ஏழரை முதல் எட்டரை வரை அவள் அப்பாவோடு இருப்பாள், கதை, கேள்வி, சிரிப்பு. எனக்குக் கிடைப்பது எண்ணெய் தேய்க்கும் நேரம், சோறு ஊட்டும் நேரம், வீட்டுப்பாடம் எழுத வைக்கும் நேரம். "சீக்கிரம்" என்ற சொல்லைத்தான் அவளிடம் நான் அதிகம் சொல்லியிருப்பேன். அவள் பேச்சை ரசிக்கிற அப்பா, அவளை அதட்டுகிற அம்மா என்று வீடு பிரிந்தது எங்கள் குணத்தால் அல்ல. சில நாள் அடுப்படியில் நின்று அவர்கள் சிரிப்பைக் கேட்கும்போது எனக்குப் பொறாமையாக இருந்திருக்கிறது. பெற்ற மகள்மேல் பொறாமையா என்று வெட்கப்படுவேன். இப்போது அந்த வெட்கம் இல்லை. எனக்கு வர வேண்டிய பங்கைத்தான் நான் கேட்டேன்.

இதையெல்லாம் ஒரு நாள் என் கணவரிடம் சொன்னபோது, "அப்ப கொழந்த பேசுனா சிரிக்கவே கூடாதா? அதுக்கும் கணக்குப் பாக்கணுமா?" என்றார். நியாயமான கேள்வி. சிரிக்காத வீட்டில் ஒரு குழந்தை வளர்வதை நான் விரும்பமாட்டேன். 'ஒம்பதுபது' என்று ஒருத்தி சொல்லும்போது முகத்தை இறுக்கிக்கொண்டு இலக்கணம் பேசுகிறவர்கள் நல்ல பெற்றோர் என்று நான் நம்பவில்லை. அந்தச் சிரிப்பில்தான் அவள் பேசப் பழகினாள். பேசினால் வீடு மகிழும் என்று அவளுக்குத் தெரிந்ததால்தான் ஒன்பது வயதிலும் பேசினாள்.

மாமியார் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. "கிள்ளாம என்னா பண்ணுவ? நாளைக்கு இன்னொரு வூட்ல போயி அடி வாங்கணுமா?" என்றார். அவரை அப்படிக் கிள்ளி வளர்த்தவர் அவர் அம்மா. அதிலும் அக்கறை இருந்தது. தெருவில் வெயில் என்று தெரிந்தால் பிள்ளைக்குக் குடை கொடுப்பதைப் போல. ஆனால் மூன்று தலைமுறையாக நாங்கள் பிள்ளைகளைத்தான் கிள்ளிக்கொண்டிருக்கிறோம். டீ கேட்கிற நாற்காலியைப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எதிர்காலத்தில் எவனோ அடிக்கப்போகிறான் என்ற பயத்தில் இன்றைக்கே நாம் அடித்துவிடுகிறோம். அவனுக்கு வேலை மிச்சம்.

இவ்வளவையும் யோசித்துவிட்டு, ஒரு மாதம் கழித்து மகளிடம் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தோம். "அன்னைக்கு நீ சொன்னது சரிதான். நான் கிள்ளுனது தப்பு" என்றேன். அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு காலுறைக்கு ஜோடி தேடிக்கொண்டே, "சரின்னா, நீ ஏம்மா சொல்லல?" என்று கேட்டாள்.

சுங்கச்சாவடியில் கேட்டதைவிடக் கடினமான கேள்வி இது. இதற்கு நான் இலக்கியத்தில் பதில் தேட முடியாது.

நான்கு வயதில் அவள் "டீ வந்துச்சா" என்று கேட்டபோது எல்லோரையும்விட நான் ஏன் அதிகம் சிரித்தேன்? கல்யாணமாகி ஏழு வருடமாக என் தொண்டையில் இருந்ததை அவள் சொல்லிவிட்டாள். சொன்னது குழந்தை, அதனால் எனக்கு ஆபத்து இல்லை. சண்டை வராது. மாமியார் முகம் சுளிக்கமாட்டார். கணவரே சிரிப்பார். எனக்காக ஒரு நாலு வயதுப் பிள்ளை போய்ச் சொல்லிவிட்டு வந்தாள், நான் பின்னால் நின்று கைதட்டினேன். அதன்பிறகு அந்தக் கதையை மற்றவர் சொல்லும்போதெல்லாம் நானும் கூடச் சேர்ந்து சிரித்தது, வீட்டில் யாருக்காவது உறைக்காதா என்ற ஆசையில்தான். ஒன்பது வயதில் அதே பேச்சுக்கு விலை கொடுக்க வேண்டி வந்தபோது, அந்த விலையை அவளிடமே வாங்கினேன். பெரியப்பா என்னைப் பார்த்துச் சொன்னதை நான் அவள் தொடையில் இறக்கி வைத்தேன்.

குழந்தையின் பேச்சை ரசிப்பது தப்பில்லை. ஆனால் நாம் பேச வேண்டியதைக் குழந்தை பேசட்டும் என்று விட்டுவிட்டு ரசிப்பது கோழைத்தனம். நான் செய்தது அதுதான். சிரித்துவிட்டு, சிரிப்பு அடங்கியதும், "ஆமா, அவ சொல்றது உண்மைதான, நாம ஏன் அப்படி இருக்கோம்?" என்று ஒரு பெரியவர் கேட்டிருந்தால் போதும். அந்தப் பேச்சு வேடிக்கையாக மட்டும் போயிருக்காது. அவளும் ஐந்து வருடம் கழித்துத் தனியாகக் கதவருகே நிற்க வேண்டியிருக்காது. அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டிய பெரியவர் நான்.

இதை எழுதுவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, மதியத் தூக்கம் முடிந்து எழுந்த கணவர், "டீ வந்துச்சா?" என்றார். இந்த வீட்டில் அது கேள்வி இல்லை, பழக்கம். நான் வாரமலரை மடித்து வைத்துவிட்டு, "வரலைங்க. இன்னைக்கு நீங்க போடுங்க. எனக்கும் சேத்து" என்றேன். குரல் கொஞ்சம் நடுங்கியது என்று நினைக்கிறேன். மாமியார் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். யாரும் சிரிக்கவில்லை. நாற்பது வயதுப் பெண் சொல்வதில் வேடிக்கை ஏது?

அவர் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து உள்ளே போனார். பாத்திரங்கள் இடறும் சத்தம் கேட்டது. "சக்கரை எங்க இருக்கு?" என்று குரல் வந்தது. மகள் காட்டுவதற்கு எழுந்தாள்.

"நீ உக்காரு. அவரே தேடட்டும்" என்றேன்.